இரவல் கை

தைமி ஹால்வர்சனுக்கு இவ்வுலகில் பொறுக்க முடியாதது ஒன்று உண்டென்றால், அது தன் ஊராரின் பொறுமைதான்.

பெரிய ஏரியின் வடகரையில், டுலுத் நகரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருந்தது அவ்வூர். இரும்புத் தாதுவைக் கப்பலில் ஏற்றும் துறை, இரண்டு தேவாலயங்கள், குன்றின்மேல் ஒரு மருத்துவமனை, அவ்வளவுதான் ஊர். அம்மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் தைமி இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்த்தாள். நோயாளிகள் சொல்வதைச் செவிலியர் படிவத்தில் எழுதி அனுப்புவர். அதைப் படித்து, உரிய தலைப்பின்கீழ்க் கணினியில் ஏற்றுவது அவள் பணி. நோயாளியின் குறை என்னும் கட்டத்தில், பத்துப் படிவங்களில் ஏழில், 'குறை ஒன்றும் இல்லை' என்றே எழுதியிருக்கும். விலா எலும்புகள் மூன்று முறிந்து வந்த மரவெட்டி ஒருவன், 'அவ்வளவு மோசமில்லை' என்று சொல்லியிருந்தான். மாரடைப்போடு தானே வண்டியோட்டி வந்த பெண்ணொருத்தி, வண்டியைக் கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்திவிட்டு, தனக்கு முன்னால் நின்ற சளிக்காரனை முந்திச் செல்ல மறுத்து வரிசையில் நின்றாள்.

செத்த பிறகாவது இவர்கள் முனகுவார்களா என்று பார்க்க வேண்டும் என்று தைமி பக்கத்து மேசை மார்லிஸிடம் சொல்வதுண்டு. மார்லிஸ் சிரிப்பாள். ஆனால், அவளும் அதே ஊர்க்காரிதான். பல்வலியோடு மூன்று வாரம் வாய் திறவாமல் வேலைக்கு வந்தவள்.

தைமிக்கு வாய்த்த கணவரோ அவ்வூராரிலும் ஒரு படி மேல். ஆர்விட் ஹால்வர்சன் தாதுத் துறையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். பதினோர் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சங்கிலி ஒன்று அவருடைய இடக்கையை நசுக்கியது. எலும்புகள் கூடின; நரம்புகள் கூடவில்லை. அன்றுமுதல் அந்தக் கை தணலில் வைத்ததுபோல் ஓயாமல் எரிந்தது. சட்டைக்கை உரசினாலும் முகம் வெளுக்கும். எப்படி இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், சுமார்தான் என்பார். அந்தச் 'சுமாரை'க் கேட்டுக் கேட்டுத் தைமிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

சென்ற அக்டோபரில் கிழக்கேயிருந்து டாக்டர் வின்ஸ்லோ வந்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர். நரம்பு சிதைந்து கை எரிகிறவர்களுக்காக அவர் புதிய மருந்தொன்றை ஆய்ந்துகொண்டிருந்தார். அதற்கு இன்னும் பெயர்கூட இல்லை. சில எழுத்துகளும் எண்களுமே இருந்தன. கழுத்தின் பக்கவாட்டிலுள்ள நரம்புக் கற்றைக்குள் நான்கு வாரங்களுக்கு ஒன்றாக ஆறு ஊசிகள். பதினான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுள் ஆர்விட்டும் ஒருவர்.

முதல் ஊசி போட்ட மூன்றாம் நாள், ஆர்விட் தம் சட்டைப் பொத்தான்களைத் தாமே மாட்டிக்கொண்டார். அதைக் கண்ட தைமி வண்டிக் கொட்டகைக்குப் போய், யாரும் பார்க்காமல் நன்றாக அழுதுவிட்டு வந்தாள். வின்ஸ்லோவுக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். இதையெல்லாம் பின்னாளில் அவள் மறைத்ததில்லை.

மூன்றாம் ஊசிக்குப் பிறகு, ஆர்விட்டின் நடத்தையில் ஒரு சிறு மாற்றம் தெரிந்தது. உண்ண உட்காரும்போது, இடக்கையை வலக்கையால் எடுத்து, ஒரு கோப்பையை வைப்பதுபோல மேசைமேல் வைப்பார். தேவாலயத்தில் இருக்கையின் ஓரத்துக்குச் சற்று நகர்ந்துகொள்வார். ஏன் நகர்கிறாய் என்று கேட்டதற்கு, இதற்கும் இடம் வேண்டுமே என்றார். நகைச்சுவையே அறியாத மனிதருக்கு எழுபதை நெருங்கும் வயதில் நகைச்சுவை வந்துவிட்டது என்று எண்ணித் தைமி மகிழ்ந்தாள்.

நான்காம் ஊசி சனவரி இறுதியில் போடப்பட்டது. அது கழிந்த நான்காம் சனிக்கிழமைக் காலையில், துணி துவைக்கும் அறையில் இருந்த தைமிக்குக் கருகல் நாற்றம் எட்டியது. ஓடிவந்து பார்த்தாள். ஆர்விட் அடுப்பருகே நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடக்கை சூடேறிய தட்டின்மேல் கிடந்தது.

"ஆர்விட், கை அடுப்புல கெடக்கு," என்றாள் தைமி.

அவர் திரும்பி, பக்கத்து வீட்டு நாய் தம் தோட்டத்துக்குள் வந்துவிட்டதைப் பார்ப்பதுபோல அந்தக் கையைப் பார்த்தார். வலக்கையால் அதைத் தூக்கி எடுத்தார். முகத்தில் வலியின் சுவடே இல்லை, கூச்சம் இருந்தது. தைமி கட்டுப் போட்டு முடித்ததும், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தைமி, இத எப்பத் திருப்பிக் கொடுக்கணும்னு அவங்க ஏதாச்சும் சொன்னாங்களா?"

"எத?"

அவர் மோவாயால் கட்டுப் போட்ட கையைச் சுட்டினார். "இதத்தான். நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கே. அடுத்தவங்க பொருள இப்படிச் சுட்டு வெச்சுட்டேன். என்ன நெனைப்பாங்களோ."

அவ்வூரில் இரவல் வாங்கிய பொருளுக்குச் சட்டம் உண்டு. பனி தள்ளும் எந்திரத்தை வாங்கினால், எண்ணெய் நிரப்பித் திருப்பித் தர வேண்டும். கோடரியென்றால் தீட்டித் தர வேண்டும். பாத்திரமென்றால் தேய்த்துத் தர வேண்டும். ஒரு வாரத்துக்குமேல் வைத்துக்கொள்பவன் மனிதனே அல்லன். ஆர்விட் அந்தச் சட்டத்தை வாழ்நாளில் ஒரு முறையும் மீறியதில்லை. இது நகைச்சுவையில்லை என்று தைமிக்கு அப்போதுதான் விளங்கியது.

திங்கட்கிழமை அவள் ஆய்வின் படிவங்களை மீண்டும் எடுத்துப் படித்தாள். கணவருடைய தாள்களை அவள் தொடக்கூடாது என்பது விதி. அவை மார்லிஸிடம் போகும். மற்றவர்களுள் எழுவரின் தாள்கள் தைமியிடம் இருந்தன. பெயர்கள் இல்லை, எண்கள் மட்டுமே. ஒன்பதாம் எண்ணின் தாளில், 'தம்மிடம் இருக்கும் பொருளை உரியவரிடம் சேர்க்க விரும்புகிறார்' என்று ஆய்வுச் செவிலி பிரெண்டா எழுதி, 'லேசான மறதி' என்று தலைப்பிட்டிருந்தாள். நான்காம் எண், 'திருப்பித் தரவேண்டியது பற்றி விசாரித்தார்; கிடங்குக்குத் தெரிவிக்கப்பட்டது' என்றிருந்தது; தலைப்பு, 'மருத்துவம் சாராதது'. பன்னிரண்டாம் எண், 'கையைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறார், புன்னகையோடு இருக்கிறார்'. அதற்கு, 'நல்ல மனநிலை'.

மூவரிடமும் ஒரே கோளாறு; அது மூன்று இழுப்பறைகளில் பிரிந்து கிடந்தது. கணினி இழுப்பறைகளைத்தான் எண்ணும். ஒரே தலைப்பில் மூவர் சேர்ந்தால், மறு ஊசி போடாதபடி ஆய்வைத் தானே பூட்டி, நகரத்திலுள்ள பாதுகாப்புக் குழுவுக்குச் செய்தி அனுப்பும். இங்கே ஒவ்வோர் இழுப்பறையிலும் ஒருவரே இருந்தார். இம்மூன்றையும் தன் விரலாலேயே ஏற்றியவள் தைமி. அந்த நினைவு அவளை விட்டு நீங்கவே இல்லை.

அவள் பிரெண்டாவிடம் போனாள். இப்படியொரு கோளாறுக்குப் பட்டியலில் தலைப்பே இல்லை என்றாள் பிரெண்டா. அன்றியும், ஒவ்வொருவரிடமும் குறை உண்டா என்று தான் கேட்டதாகவும், ஒருவர்கூட உண்டு என்று சொல்லவில்லை என்றும் கூறினாள். தைமி வின்ஸ்லோவிடம் போனாள். அவர் எழுந்து நின்று நாற்காலி தந்தார்.

"திருமதி ஹால்வர்சன், பதினாலு பேர்ல ஒருத்தர்கூடக் குறை சொல்லல. இப்படி ஒரு ஆய்வ நான் பாத்ததே இல்ல."

"டாக்டர், இந்த ஊர்ல யாரும் குறை சொல்ல மாட்டாங்க. வீடு பத்தி எரிஞ்சாலும், இந்தக் குளிருக்கு எதமா இருக்குன்னுதான் சொல்லுவாங்க."

அவர் சிரித்தார். பிறகு, ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு, அவளைக் கதிகலங்கவைக்கும் ஒன்றைச் சொன்னார். ஐந்தாம் ஊசியோடு அந்த நரம்பு முழுவதும் அடங்கிவிடும். அதன்பின் வலி திரும்பிவர வழியே இல்லை. ஆறாவது, வெறும் காப்புக்காகத்தான். ஆர்விட்டின் ஐந்தாம் ஊசி வரும் வியாழக்கிழமை. தன் கணவரைப்பற்றித் தானே எழுதித் தரலாமா என்று தைமி கேட்டாள். ஆய்வில் பணிபுரிபவர் சாட்சி சொல்ல விதி இடந்தரவில்லை. நோயாளி தாமே சொல்ல வேண்டும். அல்லது அவரை அடிக்கடி காண்பவரும் மருத்துவமனையில் வேலை பார்க்காதவருமான ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

அன்று மாலை, வியாழக்கிழமை போக வேண்டாம் என்று ஆர்விட்டிடம் மன்றாடினாள். ஆறு ஊசிகளுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருப்பதாக அவர் சொன்னார். அந்தக் கையெழுத்தை எரித்துவிடலாம் என்றாள். கொடுத்த வாக்கை என்ன செய்வது என்று கேட்டார். தைமி குரலை உயர்த்தியதும், அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஒற்றைக் கையால் பனியை வாரத் தொடங்கினார். வாசலில் வாருவதற்குப் பனியே இல்லை. அண்டை வீட்டு வாசலுக்குப் போய் வாரினார்.

ஒன்பதாம் எண் யார் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. ஊரில் யாருக்கு எந்தக் கை எரிகிறது என்பதை எல்லாரும் அறிவர். செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு, தைமி தச்சர் லட்விக் ஸாடரின் பட்டறைக்குச் சென்றாள். லட்விக் மனைவியை இழந்தவர். ஆர்விட்டோடு உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பவர். அவருக்கும் நான்கு ஊசிகள் முடிந்திருந்தன. சூடான காப்பியை ஊற்றிக்கொடுத்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். மேசைமேல் இரம்பங்கள் சிறியதும் பெரியதுமாக நான்கு, எண்ணெய் பூசி வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அவருடைய இடது மணிக்கட்டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தது. மூலைமட்டம் வைத்து இழுத்த கோடு. எங்கும் கோணல் இல்லை.

தைமி கோப்பையைக் கீழே வைத்தாள். "லட்விக், அது என்ன கோடு?"

"கொடுக்கறப்ப நல்லபடியாக் கொடுக்கணும்ல," என்றார் லட்விக். "ஓரம் பிசிறு பிசிறா இருந்தா, தச்சன் செஞ்ச வேலையான்னு கேக்க மாட்டாங்களா? அடுத்த ஊசி ஒண்ணு இருக்கு. அது முடிஞ்சாச் சுத்தமாக் கழண்டுக்கும்னு தோணுது."

இதை மருத்துவமனையில் சொல்லலாமே என்று தைமி கெஞ்சினாள். எதற்கு என்று அவர் வியந்தார். குறைதான் ஒன்றுமில்லையே, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு எரிச்சலில்லாமல் தூங்குகிறாரே. இவரோடு வாதாடுவதைவிட ஏரியோடு வாதாடலாம் என்று தைமிக்குத் தோன்றியது. சட்டென்று எழுந்து, தனக்கு இரம்பம் இரவல் வேண்டும் என்றாள். எது வேண்டும் என்று கேட்டார். நான்கும் வேண்டும், கோடரியும் உளிகளும் வேண்டும் என்றாள். இரவல் கேட்டவரிடம் இல்லையென்று சொல்ல அவ்வூரில் யாருக்கும் நா எழாது. லட்விக் அனைத்தையும் தாமே சுமந்து வந்து அவள் வண்டியில் வைத்தார். பெரிய இரம்பத்தின் பிடி சற்று ஆடுவதற்காக வருத்தம் தெரிவித்தார்.

புதன்கிழமைக் காலை. மறுநாள் ஊசி. தவக்காலப் புதன்களில் தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் ஊருக்கெல்லாம் சூப்பு வைப்பது வழக்கம். சமையலுக்குத் தலைவி வெர்னா ஸ்கோக்லண்ட். அவள்தான் பன்னிரண்டாம் எண். பதினான்கு பேரில் முதலில் சேர்ந்தவளாதலால், அவளுக்கு ஐந்தாம் ஊசியும் போட்டாகிவிட்டது. தைமி இறங்கிப் போனபோது, பெண்கள் கொண்டுவந்திருந்த பாத்திரங்களை வெர்னா கவிழ்த்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மாறிப்போகாமலிருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் காகித ஒட்டு நாடாவில் சொந்தக்காரியின் பெயர் எழுதியிருந்தது. வெர்னாவின் இடது மணிக்கட்டிலும் அத்தகைய நாடா ஒட்டியிருந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பேர் எழுதலியா, வெர்னா?"

"யாருதுன்னு தெரிஞ்சா எழுத மாட்டேனா? கேள்வி கேட்டுக்கிட்டு நிக்காம அந்தக் கேரட்ட நறுக்கு."

பேசிக்கொண்டே வெர்னா சூட்டடுப்பைத் திறந்து, கொதிக்கும் தட்டம் ஒன்றை இரு கைகளாலும் வெளியே எடுத்தாள். வலக்கையில் தடித்த கையுறை இருந்தது. இடக்கை வெறுங்கையாக இருந்தது. தைமி ஓடிப்போய்த் தட்டத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, அந்தக் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். உள்ளங்கையில் பழைய கொப்புளங்களின்மேல் புதியவை எழுந்தன. வெர்னா, பிறர் பொருளைக் கழுவ உதவுபவளைப் பார்ப்பதுபோல, நன்றியோடு பார்த்தாள்.

"உறை ஒண்ணுதான் இருந்துச்சு," என்றாள். "என் கைக்குப் போட்டுக்கிட்டேன்."

தைமி கேரட் கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். உன்னைப்பற்றி இரண்டு வரி எழுதித் தா என்று கேட்டாள். என்னைப்பற்றி எழுத என்ன இருக்கிறது, வலி போயிற்று, நன்றாக இருக்கிறேன் என்றாள் வெர்னா. இந்த ஊரை ஏரியில் தள்ளிப் பனிக்கட்டியால் மூடிவிட வேண்டும் என்று தைமி வாய்விட்டே சொன்னாள். வெர்னா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அருகே வந்தாள்.

"என்ன விடு. நீ லட்விக்கப் போய்ப் பாத்தியா? அந்த மனுஷன் கையில கோடு போட்டு வெச்சிருக்காரு, தைமி. பாத்ததுலேருந்து எனக்குச் சோறு எறங்கல. யாராச்சும் டாக்டர்கிட்டச் சொல்ல வேண்டாமா?"

தைமி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அறுபத்து மூன்று ஆண்டுகளாக அவ்வூரில் வாழ்ந்தும், தான் ஒரு முட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது. தன் குறையைச் சொல்ல இவர்களுக்கு நா எழாது; அண்டை வீட்டாரின் குறையென்றாலோ, கவலையால் உருகி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்து, மாவு படிந்த மேசைமேல் வைத்தாள். லட்விக்கைப்பற்றி எழுது என்றாள். வெர்னா கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கங்கள் எழுதினாள். கோட்டை எழுதினாள், இரம்பங்களை எழுதினாள், அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதையும் சேர்த்தாள். கீழே கையெழுத்திட்டாள்.

அங்கிருந்து பட்டறைக்குச் சென்ற தைமி, ஆர்விட்டைப்பற்றி ஏதேனும் தெரியுமா என்று லட்விக்கிடம் கேட்டாள். அவர் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். சென்ற வாரம் மீன் பிடிக்கையில், துளை உறைந்து மூடிவிடாமலிருக்க ஆர்விட் தம் இடக்கையைத் தண்ணீருக்குள் விட்டு வைத்திருந்தாராம். அது நீலம் பாரித்த பிறகும் எடுக்கவில்லையாம். எடுத்தவர், இதைத் தந்தவர்கள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று அழும் நிலைக்கு வந்துவிட்டாராம். உன்னிடம் சொன்னால் கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை என்றார். தைமி பல்லைக் கடித்துக்கொண்டு படிவத்தை நீட்டினாள். அவர் தச்சருக்குரிய நேர்த்தியான எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது தாளுக்கு வீட்டுக்கே போனாள். ஒவ்வொரு ஞாயிறும் வெர்னாவைத் தேவாலயத்துக்கு வண்டியில் அழைத்துச் செல்பவர் ஆர்விட். அவளைப்பற்றிக் கேட்டதும் அவர் முகம் இருண்டது.

"வெர்னா நெலமையப் பாத்தா வயித்தக் கலக்குது," என்றார். "போன வாரம், தேவாலயத்துல காணாமப்போன சாமான் வைக்கிற அலமாரியில கைய நீட்டி வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தா. சொந்தக்காரங்க வந்து எடுத்துக்கட்டும்னு. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். தன்னோட கைன்னே தெரியல அவளுக்கு. அந்த ஊசிதான் காரணம். நிறுத்தச் சொல்லணும்."

"எழுதித் தா," என்றாள் தைமி.

அவர் மேசைமுன் அமர்ந்தார். தாள் நழுவியது. வலக்கையால் தம் இடக்கையை எடுத்து, தாள் பறக்காமலிருக்கக் கல்லை வைப்பதுபோல அதன் ஓரத்தில் வைத்துவிட்டு எழுதினார். முடித்ததும், எழுதியதைப் படித்துப் பார்த்தாயா என்று தைமி கேட்டாள். பார்த்தேன் என்றார். வேறொன்றும் தோன்றவில்லையா என்று கேட்டாள்.

"தோணுது. பாவம், வெர்னா," என்றார் ஆர்விட்.

தைமி வாசற்கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தாள். பட்டியலில், 'உறுப்புக்குத் தம்மாலேயே தீங்கு நேரும் அபாயம்' என்றொரு தலைப்பு இருந்தது; கொப்புளமும் நீலம் பாரித்த விரல்களும் பென்சில் கோடும் அதன்கீழ் அடங்கும். லட்விக்கைப்பற்றிய தாளை ஏற்றினாள். வெர்னாவைப்பற்றிய தாளை ஏற்றினாள். ஆர்விட்டைப்பற்றிய தாளை ஏற்ற அவளுக்கு உரிமையில்லை. அதை மார்லிஸின் மேசையில் வைத்தாள். மார்லிஸ் படித்தாள்; கணினியில் அடித்தாள்; கடைசிப் பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"நாம தொந்தரவு பண்றோமோ, தைமி?"

"ஆமா, மார்லிஸ். பண்றோம். அழுத்து."

திரையின் மேல்விளிம்பில் சிவப்புப் பட்டை ஒன்று தோன்றியது. ஆய்வு பூட்டப்பட்டது.

மறுநாள் ஆர்விட், வாக்குக் கொடுத்தவராயிற்றே, குளித்துத் தூய சட்டை அணிந்து ஊசிக்குப் போனார். ஊசி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த இளைஞரின் உழைப்பை நீ கெடுத்துவிட்டாய் என்று தைமியிடம் ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு இரண்டு நாட்கள் பேசவில்லை. வின்ஸ்லோ பேசினார். அவர் கோபப்பட்டிருந்தால் தைமிக்கு எளிதாக இருந்திருக்கும். மூன்று தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு, தாம் இதை எப்படிக் காணாமல் விட்டோம் என்று அவளையே கேட்டார்.

குழுவின் முடிவு வந்தது. ஐந்தாம் ஊசி போட்டுக்கொண்ட வெர்னாவுக்கு இனி உணர்ச்சி மீளுமா என்பது தெரியாது. மற்றவர்களுக்கு ஆறு வாரங்கள் ஊசி கிடையாது. அதற்குள் ஒருவராவது தமக்கு வலி மீண்டதாகத் தம் வாயால் சொன்னால், கை திரும்பி வருகிறது என்று பொருள், ஆய்வு மூடப்படும். யாருமே சொல்லாவிட்டால், ஊசியை நிறுத்தியதால் பயனில்லை என்று கொண்டு மீண்டும் தொடங்குவர். முதல் ஊசி லட்விக்குக்கு. இதைக் கேட்ட தைமி, குழுவில் ஒருவர்கூட இவ்வூரில் பிறந்தவரில்லையா என்று கேட்டாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிரெண்டா வீடு வீடாகத் தொலைபேசியில் கேட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், குறை ஒன்றும் இல்லை என்ற விடையே வந்தது. தேவாலயப் பெண்கள் முறைவைத்து வெர்னாவின் பக்கத்தில் நின்று, அவளுடைய இரண்டு கைகளுக்கும் உறை மாட்டிவிட்டார்கள். லட்விக் இருமுறை வந்து, தைமியின் இரம்ப வேலை முடிந்துவிட்டதா என்று பணிவோடு விசாரித்துச் சென்றார்.

ஆறாம் வாரத்துப் புதன்கிழமை. ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கியிருந்தது. காலையில் தைமி காப்பிக் கெண்டியை மேசைமேல் வைத்தாள். செய்தித்தாளைத் திருப்பிய ஆர்விட்டின் இடக்கை அதன்மேல் பட்டது. மறுகணம் அந்தக் கை, வலக்கையின் துணையில்லாமல், வெடுக்கென்று பின்னால் போயிற்று. அவர் அதை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டார். கண்களில் நீர் கோத்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் தைமி.

"ஒண்ணுமில்ல."

"வலிச்சுதா?"

"சொல்லிக்கற அளவுக்கு இல்ல."

எத்தனை நாளாக என்று கேட்டாள். பத்து நாட்களாக என்று, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போலச் சொன்னார். தைமி கரண்டியை எங்கே எறிவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பத்து நாட்கள். அதற்கிடையில் ஒரு வெள்ளிக்கிழமை போயிருக்கிறது. வந்த கோபத்தில் பேச வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"சொன்னேன்னா மூடிருவாங்க, தைமி. அப்புறம் இந்த எரிச்சலோடதான் கடைசிவரைக்கும். உனக்குத் தெரியும்ல அது எப்படின்னு."

அவளுக்குத் தெரியும். பதினோர் ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். மீண்டும் தணலைக் கையில் ஏந்திக்கொள் என்றுதான் அவரைக் கேட்கிறாள் என்பதும் தெரியும். உனக்காகச் சொல் என்று கேட்டால், இந்த மனிதர் சாகும்வரை சொல்லமாட்டார். தைமி தொலைபேசியை எடுத்துவந்து அவர்முன் வைத்தாள்.

"உனக்காக வேண்டாம். அடுத்த திங்கக்கெழமை லட்விக்குக்கு ஊசி. அந்த இரம்பத்த நான் இன்னும் எத்தன நாளைக்கு இரவல் வெச்சுக்க முடியும்?"

ஆர்விட் வலக்கையால் செய்தித்தாளை ஒதுக்கி வைத்தார். பிறகு எண்களை அழுத்தினார்.

"பிரெண்டா, ஆர்விட் பேசறேன். வேலை நேரத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். அவசரமெல்லாம் இல்ல." தைமி அவருடைய தோளைப் பிடித்து அழுத்தினாள். "கை வலிக்குது. என் எடது கை. பத்து நாளா."

மறுமுனையில் பிரெண்டா ஏதோ கேட்டாள். ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்கிறாள் போலும். நாலு இருக்கும் என்றார் ஆர்விட். தைமி அவர் கண்ணுக்கு நேராக ஒன்பது விரல்களை நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார். அக்குளில் இடுக்கியிருந்த கையைப் பார்த்தார்.

"சரி, அஞ்சுன்னு எழுதிக்கம்மா," என்றார்.